மார்கழி ஸ்டார்ட்

ஸ்ரீரங்கன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். வாசல் கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினான். முதல் நாள் டிகாக்‌ஷன் மிச்சம் இருந்தது. ஒரு டம்ளர் காபி. பேப்பரின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தான். குளிக்கப் போகுமுன் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து அது வெள்ளையாக உறைந்து உட்கார்ந்திருந்தது. கிழக்கு ஜன்னல் கட்டையில் வெயில் படும்படி வைத்தான். குளித்தான். திரும்பி வந்தபோது இளகியிருந்தது. தலை வாரினான்.

ஏழு மாதமாக அவன் காலைகள் இப்படித்தான் போயின. மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்தினான், இப்போது பாட்டிலை வெயிலில் வைக்கிறான். வேறு வித்தியாசம் இல்லை.

அவன் மனைவி மஹதி மே மாதம் போனாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் லெக்சரர். ஒரு திங்கட்கிழமை பரீட்சை டியூட்டிக்கென்று பஸ் ஏறினவள், பதினோரு மணிக்கு ஸ்டாஃப் ரூமில் நாற்காலியிலிருந்து சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் என்றார்கள். அவளுக்கு முப்பது வயது. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவனிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கடைசியா என்ன சொன்னா? அத்தைகளே ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டார்கள். ஒரு அத்தையின் கணக்கில் அவள் "ரங்கா" என்று கூப்பிட்டாள், இன்னொரு அத்தையின் கணக்கில் "கோவிந்தா" என்றாள். ஸ்ரீரங்கன், "விசேஷமா ஒண்ணும் சொல்லலை" என்றான். அது உண்மைதான்.

அன்று தலை வாரிக்கொண்டிருந்தபோது ஜவஹர் படியேறி வந்தான். பாண்டி பஜாரில் பாத்திரக்கடை. பழைய கார் பித்து. கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"ரங்கா, மார்கழி ஸ்டார்ட் லிஸ்ட் போட்டுக்கிட்டிருக்கோம்."

"ம்."

"மஹதி பேரு இருக்கு. ஏப்ரல்லயே எழுதிக் குடுத்துட்டா, முதல் ஆளா." ஜவஹர் சீப்பைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "அடிச்சிடவா?"

பேனாவின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது.

"அடிக்காதே" என்றான் ஸ்ரீரங்கன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

மார்கழி ஸ்டார்ட் என்பது பழைய கார்க்காரர்களின் விளையாட்டு. மார்கழியின் கடைசி சனிக்கிழமை மாலை எல்லா வண்டிகளையும் தரமணியில் ஒரு கல்லூரி மைதானத்தில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். பானெட்டின் மேல் காகிதப் பட்டை ஒட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். ராத்திரி முழுக்க வண்டி பனியில் கிடக்கும். விடிகாலை ஐந்தே முக்காலுக்கு விசில். ஓட்டுகிறவர்கள் ஓடிப்போய் ஏறி, குளிர்ந்து கிடக்கிற எஞ்சினைக் கிளப்பி, அரை மைல் நேர்ச்சாலையின் கோடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியைத் தாண்ட வேண்டும். சூடு பண்ணக் கூடாது. தள்ளக் கூடாது. முதலில் வருகிறவருக்கு ஜவஹர் கடை உபயமாக ஒரு எவர்சில்வர் குடம். இரண்டு வருஷமாக ஜவஹரின் ஃபியட்தான் ஜெயித்து வந்தது. தன் கடைக் குடத்தைத் தானே ஜெயித்து வீட்டுக்கு எடுத்துப்போனால் அவன் மனைவி என்ன சொல்வாள் என்பதை மஹதி நடித்தே காட்டுவாள். இரண்டு வருஷமும் இரண்டாவதாக வந்தவள் அவள்தான்.

அவளுடைய வண்டி ஒரு ஹெரால்டு, அப்பா வாங்கியது. பார்வைக்கு சாது. உள்ளே அவள் கைவேலை. சிலிண்டர் ஹெட்டைச் சீவி, கேம்ஷாஃப்டை மாற்றி, கடைசியில் புதுப்பேட்டைப் பழைய சாமான் குவியலில் யாரும் சீண்டாமல் கிடந்த இரண்டு பழைய எஸ்.யூ. கார்புரேட்டர்களைப் பொறுக்கி வந்து ஜோடியாக மாட்டினாள். ஊரில் எந்த ஹெரால்டிலும் அப்படிக் கிடையாது. மாட்டுவது சுலபம். இரண்டையும் ஒரே மூச்சு விட வைப்பதுதான் பாடு. ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் ஒன்றின் வாயில், பிறகு இன்னொன்றின் வாயில். இரண்டும் ஒரே 'உஸ்' சொல்ல வேண்டும். ஆறு வாரம் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்தாள். ஸ்ரீரங்கன் டார்ச் பிடித்தான். "சிவில்காரனுக்கு இது போதும்" என்பாள். இரண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே வருஷம். அவனைக் கூப்பிடுவது அவள் அம்மா எதிரில் "ஏன்னா", மற்ற நேரத்தில் "ரங்கா", "நீ", "தடியா".

கடைசி ஞாயிறு சாயங்காலம்தான் சரியாக வந்தது. உடனே உள்ளே ஓடிப் போய் நெயில் பாலிஷ் எடுத்துவந்தாள். ஒவ்வொரு கார்புரேட்டரின் அடியிலும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற ஆறு பக்க நட் ஒன்று உண்டு. நட்டில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் கார்புரேட்டர் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி. "இதை எவன் திருப்பினாலும் தெரிஞ்சுடும்" என்றாள். மறுநாள் திங்கட்கிழமை.

ஏழு மாதமாகத் தார்ப்பாயின் அடியில் அந்தப் புள்ளிகள் நேருக்கு நேராக நின்றன.

போட்டிக்கு முந்தின வாரச் சனிக்கிழமை அவனும் ஜவஹரும் பேட்டரி மாற்றி, கெட்டுப்போன பெட்ரோலை இறக்கி, வண்டியைக் கட்டி இழுத்து தேனாம்பேட்டையில் மெக்கானிக் ஷரஃபுதீன் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஷரஃபுதீனுக்கு இவன் வயதுதான் இருக்கும். கைக்கு வருவதெல்லாம் ஃபியட், மாருதி. ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரித் தூக்கிக்கொண்டதும் இரண்டடி பின்னால் போனான்.

"இன்னா சார் இது, ரெண்டு சொம்ப கவுத்து வெச்ச மாரி கீது?"

"கார்புரேட்டர்."

"ரெண்டா? ஒரு எஞ்சினுக்கு ரெண்டு சம்சாரமா? கஷ்டம் சார்."

அவனுக்கு விஷயத்தைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. விரலை விட்டு உள்ளே இருந்த பிஸ்டனைத் தூக்கினான், விட்டான். 'டக்' என்று விழுந்தது. மற்றதும் 'டக்'. "ஓஹோ. காத்து இஸ்துதுன்னா இது தானா மேல போவும். எவ்ளோ காத்தோ அவ்ளோ பெட்ரோல். எவன் சார் கண்டுபுச்சான்? கில்லாடி." ப்ளக்கைத் துடைத்து, பாயின்டைத் தேய்த்து, சாவியைத் திருப்பச் சொன்னான். மதியம் பன்னிரண்டு மணி. மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஸ்ரீரங்கன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். அந்தச் சத்தம் ஷெட்டின் தகரத்தை உதறி எடுத்தது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். ஷரஃபுதீன் வாயைத் திறந்துகொண்டு நின்றான், பிறகு கையைத் தட்டினான். ஸ்ரீரங்கனின் முழங்கை வரை புல்லரித்தது. அப்படி ஒன்று தன் உடம்பில் இன்னும் இருப்பது அவனுக்கே செய்தி.

தொல்லை மறுநாள் விடிகாலை ஆரம்பித்தது. போட்டி மாதிரியே பார்த்துவிடலாமென்று ஐந்தே முக்காலுக்கு மயிலாப்பூர் சந்தில் சாவியைத் திருப்பினான். கிளம்பியது, நின்ற இடத்தில் அழகாக உறுமியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் தொண்டையில் பருக்கை சிக்கினவன் மாதிரி இருமி, 'பட்'டென்று ஒரு வெடி வெடித்து நின்றது. மறுபடி. மறுபடி. கோயில் ஒலிபெருக்கியில் அப்போதுதான் பாட்டு தொடங்கியிருந்தது. எதிர்வீட்டு மாமி கோலப் பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்தாள்.

"ரங்கா, பெருமாளை நாங்க மெதுவா எழுப்பிண்டிருக்கோம். நீ வெடி போட்டே எழுப்பிடுவே போலிருக்கே!"

"மன்னிச்சுக்கோங்கோ மாமி."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். கோலத்துமேல ஏத்தாம இருந்தாச் சரி."

பத்து மணிக்கு வெயிலில் எடுத்தான். சொன்னபடி கேட்டது. தேனாம்பேட்டை வரை பறந்தது. ஷரஃபுதீன் மிதித்துப் பார்த்தான், ஒரு குறையும் இல்லை. திங்கள், புதன், வெள்ளி என்று அடுத்த வாரம் முழுக்க இதே கதை. விடிகாலையில் வெடி, வெயில் ஏறினால் சமர்த்து. பல்வலிக்காரன் டாக்டர் வாசலில் நின்றதும் வலி போய்விடுகிற மாதிரி.

"சார், என்னாண்ட வந்தா வண்டி நல்லா கீது. உங்க ஊட்லதான் மக்கர் பண்ணுது. ஊட்டுக்கு இன்னாவோ ஆயிருக்கு, தர்காவுல மந்திரிச்சுக்கினு வந்து கட்டு."

"வேற வழி?"

"குளிருக்குப் பெட்ரோல் பத்தல சார். அடியில கீற நட்ட ரெண்டு பட்டை திருப்புனா முடிஞ்சிது மேட்டர். ரெண்டு நிமிஷம்." ஷரஃபுதீன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

"அதுல மட்டும் கை வைக்காதே."

"ஏன்? இந்தச் செவப்புப் புள்ளியா? இது இன்னா சார், கொலதெய்வமா?"

"என் வைஃப் வெச்சது."

"அவங்களாண்டயே கேட்டுக்கலாமே. வரச் சொல்லு."

ஸ்ரீரங்கன் புள்ளியின் மேல் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தான். ஷரஃபுதீன் அவன் முகத்தைப் பார்த்தான். ஸ்பேனரைத் துணியில் துடைத்து, சத்தமில்லாமல் பெட்டிக்குள் வைத்தான். "டீ சாப்புடு சார்" என்றான்.

இப்போது ஸ்ரீரங்கனுக்கு இரண்டே வழிதான். நட்டைத் திருப்பாவிட்டால் மஹதியின் வண்டி எல்லோர் முன்னாலும் இருமி நிற்கும். திருப்பினால் அது ஓடும், ஆனால் அவள் வைத்துவிட்டுப் போனது போய்விடும். ஆறு வாரம் காதால் கேட்டுக் கேட்டு அவள் பிடித்த இடம் அது. திருப்பின பிறகு மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவர அவனுக்குக் காது கிடையாது. டார்ச் பிடிக்க மட்டுமே தெரிந்தவன்.

கடைசி சனிக்கிழமை விடிகாலை ஷரஃபுதீனை வீட்டுக்கே வரச் சொன்னான். மங்கி குல்லாவும் மனைவியின் சால்வையுமாக ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து இறங்கினான். வண்டி இருமிற்று, வெடித்தது, நின்றது. எதிர்வீட்டு மாமி தலையைத் தூக்கக்கூட இல்லை. பழகிவிட்டது.

"ஆமா சார், நோவு நெசம்தான்" என்றான் ஷரஃபுதீன் மரியாதையாக. "இத்தினி நாளா நீ சும்மா சொல்றேன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

சாயங்காலம் ஆறு மணிக்குள் வண்டி தரமணியில் இருக்க வேண்டும். ஸ்ரீரங்கன் டார்ச்சை எடுத்தான். நட்டின் மேல் வெளிச்சம் போட்டான். இரண்டு புள்ளிகளும் தெரிந்தன.

"திருப்பிடு" என்றான்.

"நெசமாவா?"

"வண்டி நின்னுபோறதுக்காக அவ இதைப் பண்ணலை. திருப்பு."

ஷரஃபுதீன் ஸ்பேனரை நட்டில் கொடுத்தான். இரண்டு புள்ளிகளையும் இன்னொரு தரம் பார்த்தான். ஸ்பேனரை வெளியே எடுத்துவிட்டான்.

"இரு சார். எதுக்கும் ஒருவாட்டி இத்தப் பாத்துக்கறேன்." விரலை விட்டு பிஸ்டனைத் தூக்கினான். வரவில்லை. அழுத்தித் தூக்கினான். வரவேயில்லை. "இன்னாடா இது! ஷெட்டுல டக்கு டக்குனு விழுந்துச்சே!" அடுத்ததும் அப்படியே. சொம்பின் தலையில் இருந்த மூடியைத் திருகினான். மூடியோடு ஒரு சின்னத் தண்டு உள்ளே எண்ணெயில் முங்கியிருக்கும், பிஸ்டன் துள்ளாமல் நிதானமாக மேலே வருவதற்கு. திருகு கழன்றது, தண்டு வெளியே வரவில்லை. பிடித்து இழுத்தான். 'ப்ளக்' என்று வந்தது.

தண்டைச் சுற்றி வெள்ளைவெளேரென்று மெழுகு மாதிரி ஏதோ அப்பியிருந்தது.

ஷரஃபுதீன் விரலால் தொட்டான். தேய்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். அவன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"சார், இது தலைக்குத் தடவுற எண்ணெ சார்!"

"என்னது?"

"தேங்காயெண்ணெ! மோந்து பாரு!"

ஸ்ரீரங்கன் முகர்ந்தான். அவன் குளியலறையின் வாசனை. தினமும் காலை ஜன்னல் கட்டையில் வைத்து வைத்து எடுத்தானே, அதே வெள்ளை. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடை எதுவும் திறந்திருக்காது. சொம்பில் ஊற்ற மெல்லிசாக ஏதாவது எண்ணெய் வேண்டும். உள்ளே ஓடியிருக்கிறாள். நெயில் பாலிஷுக்கு மட்டும் ஓடவில்லை. அந்த வெயிலில் அது தண்ணீர் மாதிரி ஓடியிருக்கும், எஞ்சினும் பாடியிருக்கும். எம்.ஈ. படித்தவள். மார்கழி என்று ஒரு மாதம் வரும் என்பதை மறந்துவிட்டாள்.

முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. டார்ச் கீழே விழுந்தது. அவன் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஷரஃபுதீனும் தொற்றிக்கொண்டான், குல்லாவைக் கழற்றித் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தான். "மொட்டைக்குக் கூட எண்ணெ தேச்சு வுட்டுக்கீறாங்க சார்!" என்றான் சொம்பைக் காட்டி. அதற்கு இன்னொரு சுற்று.

எதிர்வீட்டு மாமி கோலத்தை விட்டுவிட்டு வந்துவிட்டாள். ஸ்ரீரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். மாமி தலையில் கை வைத்துக்கொண்டாள். "படுத்துவாளே! அவ அப்படித்தான்." பிறகு கேட்டாள்: "இப்ப என்ன எண்ணெய் வேணும்?"

"லேசா, குளிர்ல உறையாததா."

"தையல் மிஷினுக்கு விடறது ஆகுமோ?"

ஷரஃபுதீன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். "மாமி, நீங்க என் ஷெட்டுக்கு வந்துடுங்க."

வெந்நீரில் துணியை நனைத்து இரண்டு சொம்புகளையும் ஒற்றினார்கள். இளகியதை ஷரஃபுதீன் ஒரு கிண்ணத்தில் இறக்கிக் கொட்டப் போனபோது ஸ்ரீரங்கன் கையை நீட்டினான். வாங்கி, உள்ளங்கையில் விட்டு, தலையில் தடவிக்கொண்டான்.

"முடி கொட்டுனா என்னயக் கேக்காத சார்."

மாமியின் மிஷின் எண்ணெய் உள்ளே போனது. நட்டை யாரும் தொடவில்லை. சாவியைத் திருப்பினான், மிதித்தான். இருட்டு பிரியாத அந்தச் சந்தில் எஞ்சின் ஒரே எழும்பாக எழும்பியது. காக்கைகள் கிளம்பின. ஸ்ரீரங்கன் ஓடிப்போய் ரப்பர் குழாயை எடுத்துவந்தான். முதல் வாயில் வைத்தான். உஸ். இரண்டாவதில் வைத்தான். உஸ். காதே இல்லாதவனுக்குக் கூடத் தெரிந்தது, இரண்டும் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை தரமணியில் பதினோரு வண்டிகள் பனியில் வியர்த்துக் கிடந்தன. ஜவஹர் கையுறை போட்டுக்கொண்டிருந்தான். "ரங்கா, உனக்கு ஓட்டத் தெரியுமாடா? நீ டார்ச்தானே பிடிப்பே?"

"குடத்தைத் துடைச்சு வை."

ஜவஹர் அவனை உற்றுப் பார்த்தான். பதிலுக்குப் பதில் வந்து ஏழு மாதமாயிற்று. சந்தோஷத்தில் முதுகில் ஒன்று வைத்தான்.

விசில். ஓடினார்கள். ஸ்ரீரங்கனின் ஒரு செருப்பு பாதி வழியில் கழன்றது, விட்டுவிட்டான். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினான். ஒரே சுற்று. வெறும் காலால் மிதித்தான். வண்டி இருமவில்லை. ஜவஹரின் ஃபியட் இரண்டு வண்டி தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது கியர். மூன்றாவது கியர். மூன்றாவதில்தான் அது வாயைத் திறந்தது. இரண்டு சொம்புகளும் பனிக் காற்றை ஒரே மூச்சாக இழுத்தன, ஸ்டியரிங் கையில் பாடியது. ஃபியட்டின் பின்விளக்கு பக்கத்தில் வந்தது, கதவு வந்தது, ஜவஹரின் திறந்த வாய் வந்தது, பிறகு அதுவும் பின்னால் போனது. ஸ்ரீரங்கன் கத்திக்கொண்டிருந்தான். என்ன கத்தினான் என்று பிறகு அவனுக்கே தெரியவில்லை. தொட்டியைத் தாண்டியும் இருநூறு கஜம் போய்த்தான் நிறுத்தினான்.

ஷரஃபுதீன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் புல்தரை வழியாகவே வந்துசேர்ந்தான், கையில் அந்த ஒற்றைச் செருப்பு. "அப்டிப் போடு நைனா!" சார் போய் நைனா ஆகிவிட்டிருந்தது.

லிஸ்டைப் படித்தவர் முதல் பெயராக "மஹதி ஸ்ரீரங்கன்" என்று படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள், கொஞ்சம் அதிக நேரமாகவே. குடத்தை ஜவஹர்தான் கொடுத்தான்.

"அப்பாடா, இந்த வருஷம் எங்க வீட்ல திட்டு விழாது" என்றான். பிறகு வழக்கப்படி தோற்றவன் உபயமாகப் பொங்கலும் வடையும் வந்தன. இலையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மச்சி, உண்மையைச் சொல்லு. என்னடா பண்ணே?"

ஸ்ரீரங்கன் சொன்னான். ஜவஹருக்குப் பொங்கல் புரையேறிற்று. தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்தார்கள்.

"தேங்காயெண்ணெயா? ஒரு வார்த்தை உங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல அவ?"

ஸ்ரீரங்கன் வடையைக் கையிலேயே வைத்திருந்தான். அந்தத் திங்கட்கிழமை காலை அவன் ஷேவ் செய்துகொண்டிருந்தான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்புக்குள் காலை விட்டபடி, குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்து ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். இதையா காரியத்துக்கு வந்தவர்களிடம் சொல்வது என்று ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான்.

"சொன்னா" என்றான் ஜவஹரிடம். சிரிப்பு மறுபடி வந்தது. "நான்தான் கவனிக்கலை."

"என்ன சொன்னா?"

"எண்ணெய் பாட்டில் காலி. எப்படின்னு கேக்காதே. சாயங்காலம் வரச்சே ஒண்ணு வாங்கிண்டு வா."